ஏணி முதலில், மாடி பிறகு: தமிழ்நாட்டு லீக் கிரிக்கெட்டின் வரலாறு

சென்னை லீக் கிரிக்கெட் 1930-களின் தொடக்கத்தில் உருவானது. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி பிறந்தது 2008-இல். கீழ் டிவிஷன், மேல் டிவிஷன், மாவட்ட அணி, ரஞ்சி அணி என்று ஓர் ஆட்டக்காரர் ஏற வேண்டிய படிகள், அவர் போய்ச் சேரும் மாடி கட்டப்படுவதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தயாராகிவிட்டன. இன்று ஐ.பி.எல். அணிகளில் தமிழ்நாட்டுப் பெயர்கள் இத்தனை இருப்பதற்கும், அவை ஒரே அணியில் இல்லாமல் சிதறிக் கிடப்பதற்கும் காரணம் இந்த முன்பின் வரிசைதான்.

அமெரிக்க பேஸ்பாலில் வரிசை நேர்மாறானது. அங்கே பெரிய அணிகள் முதலில் வந்தன. அவை தங்களுக்கான நாற்றங்காலைப் பிறகு அமைத்துக்கொண்டன. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நிர்வகித்த பிராஞ்ச் ரிக்கி, பணக்கார அணிகளோடு விலை கொடுத்துப் போட்டியிட முடியாத நிலையில், 1920-களில் ஹூஸ்டன், ஃபோர்ட் ஸ்மித் போன்ற ஊர்களின் சிறிய அணிகளில் பங்கு வாங்கத் தொடங்கினார். இளைஞர்களை மலிவாகச் சேர்த்து, கிளை அணிகளில் பழக்கி, தேறியவர்களைத் தாய் அணிக்குக் கொண்டுவருவது அவர் திட்டம். இதற்குப் ‘பண்ணை முறை’ என்றே பெயர் விழுந்தது. 2021-இல் செய்யப்பட்ட சீரமைப்புக்குப் பிறகு 30 பெரிய அணிகளுக்கு, அணிக்கு நான்கு படிகள் வீதம், 120 கிளை அணிகள் உள்ளன. தன் அணிக்கு மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து வரப்போகும் பையன் இன்று எந்தச் சிறு நகரத்தில் ஆடுகிறான் என்பது ரசிகருக்குத் தெரியும். அவனை நாள்தோறும் பின்தொடர்வதே தனியொரு பொழுதுபோக்கு.

தமிழ்நாட்டின் நாற்றங்காலுக்கு அப்படி ஒரே சொந்தக்காரர் கிடையாது. கிளப்புகளும் கல்லூரிகளும் கம்பெனிகளும் மாநிலச் சங்கமும் ஆளுக்கொரு பாத்தி கட்டி வளர்த்தது அது.

எஸ்பிளனேடும் சேப்பாக்கமும்

மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846-இல் ஐரோப்பியர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 1860-களில் அது சேப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. மைதானமும் பெவிலியனும் வெள்ளையர் வசம் இருந்தன. உள்ளூர்க்காரர்களுக்கு அங்கே உறுப்பினர் உரிமை இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு பாடாமல், தனக்கென ஒரு கிளப்பை அமைத்துக் காட்டியவர் எம். புச்சி பாபு நாயுடு. பாரி கம்பெனியில் துபாஷாக இருந்து பொருளீட்டிய குடும்பத்தின் வாரிசான அவர், 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, எஸ்பிளனேடில் இந்திய இளைஞர்களுக்கு ஆடுகளம் ஏற்படுத்தினார். மட்டை, பந்து, பயிற்சி எல்லாவற்றையும் தன் செலவிலேயே பார்த்துக்கொண்டார். தென்னிந்திய கிரிக்கெட்டின் தந்தை என்று அவர் அழைக்கப்படுவது இதனால்தான்.

வளர்த்த அணியை வெள்ளையரோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த ஆசை. 1908 டிசம்பரில் இந்தியர்–ஐரோப்பியர் ஆட்டத்துக்கு ஏற்பாடாயிற்று. ஆட்டம் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன் புச்சி பாபு காலமானார்; ஆனாலும் ஆட்டம் நடந்தது. பிரசிடென்சி மேட்ச் என்ற பெயரில் அது பின்னர் ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடைபெறும் வழக்கமாகி, 1950-களின் தொடக்கம் வரை நீடித்தது. நகரத்து கிளப் ஒன்றில் ஆடும் இளைஞருக்கு மேலே ஒரு படி இருக்கிறது என்பதை முதலில் காட்டியது இந்த ஆட்டமே. பொங்கல் வந்தால் சேப்பாக்கம் என்ற பழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். தொலைக்காட்சிக்கு முந்தைய தலைமுறைகளுக்கு, பின்னாளில் பொங்கலையொட்டி அங்கே நடந்த டெஸ்டைக் குறிக்கும் ‘பொங்கல் டெஸ்ட்’ என்ற சொல்லே போதும், அந்தப் பழக்கம் நினைவுக்கு வர.

புச்சி பாபுவின் பெயரில் அமைந்த நினைவுப் போட்டி, 1960-களின் பிற்பகுதியிலிருந்து வெளிமாநில அணிகளையும் அழைக்கும் போட்டியாக விரிந்தது. ரஞ்சி பருவம் தொடங்குமுன் புதியவர்களைத் தேர்வாளர்கள் உரசிப் பார்க்கும் கல்லாக அது விளங்கியது. அவருடைய மகன்களில் ஒருவரான கோட்டா ராமஸ்வாமி டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடியதோடு, 1936-இல் இங்கிலாந்தில் இந்தியாவுக்காக டெஸ்டும் ஆடினார்.

லீக்கும் ரஞ்சியும்

1930-களின் தொடக்கத்தில் சென்னையின் கிளப்புகள் ஒரு சங்கத்தின் கீழ் வந்தபோது லீக் முறையும் வந்தது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் என்று பேட்டைக்கொரு கிளப் இருந்தது. அவற்றை டிவிஷன்களாகப் பிரித்து, ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே என்று விதி வகுத்தார்கள். முதல் டிவிஷனில் முதலிடம் பெறும் அணிக்கு ராஜா ஆஃப் பாளையம்பட்டி கேடயம். அந்தக் கேடயத்தின் பெயர் இன்றைக்கும் மாறவில்லை.

லீக்குக்கு மேலே இன்னொரு படி 1934-இல் சேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ஆட்டமே ரஞ்சி கோப்பையின் முதல் ஆட்டம். மைசூர் 48, 59 என்று இரண்டு முறையும் சுருண்டது. மெட்ராஸ் எடுத்தது 130. ஒரே நாளில், இன்னிங்ஸ் மற்றும் 23 ரன் வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்துபோனது. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார்.

அன்று முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். அவர் பெயரின் முன்னெழுத்தில் இருக்கும் ‘மொறப்பாக்கம்’ செங்கல்பட்டுப் பகுதிக் கிராமம். திருவல்லிக்கேணியில் வளர்ந்த அவரைக் கண்டெடுத்தவர் ஐரோப்பிய அணியின் முக்கிய ஆட்டக்காரரும் பர்மா ஷெல் அதிகாரியுமான சி.பி. ஜான்ஸ்டன்; தன் கம்பெனியிலேயே அவருக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்ஸ் ஹாக்கியா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவர் பெயரிலான கோப்பைக்காக மெட்ராஸும் இலங்கையும் 1953 முதல் முப்பது ஆண்டுகள் மோதிவந்தன.

கிராமத்துப் பெயர், நகரத்து கிளப், கம்பெனி வேலை, மாநில அணி: கோபாலன் ஏறிய இந்த நான்கு படிகளையே அடுத்த அறுபது ஆண்டுகளில் வந்தவர்களும் ஏறினார்கள்.

மாநில அணி ரஞ்சி கோப்பையை முதன்முதலாக வென்றது 1954–55 பருவத்தில். பாலு அழகணன் தலைமையில் இந்தூரில் ஹோல்கர் அணியை வீழ்த்தியது. அடுத்த வெற்றிக்கு 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987–88-இல் எஸ். வாசுதேவன் தலைமையில் சேப்பாக்கத்திலேயே ரயில்வே அணியைத் தமிழ்நாடு தோற்கடித்தது. அந்த அணியிலிருந்த ராபின் சிங் டிரினிடாடில் பிறந்தவர். படிப்புக்காக மெட்ராஸ் வந்து, இங்கேயே லீக் ஆடி, பிறகு இந்திய அணி வரை போனார்.

கம்பெனி அணிகள்

1950-களிலிருந்து லீக்கின் முதுகெலும்பாக நின்றவை கம்பெனிகள். பாரி, இந்தியா பிஸ்டன்ஸ், ஸ்பிக், ஸ்டேட் பாங்க், ஐ.சி.எஃப். என்று முதல் டிவிஷன் பட்டியல் தொழிற்பேட்டையின் பெயர்ப்பலகைகளைப் படிப்பதுபோல இருந்தது. கம்பெனிகள் பழைய கிளப்புகளை எடுத்து நடத்தவும் செய்தன. ஜாலி ரோவர்ஸ், ஆழ்வார்பேட்டை கிளப்புகளுக்கு சன்மார் குழுமமும், விஜய் கிளப்புக்கு இந்தியா சிமெண்ட்ஸும் புரவலர்களாயின.

ஆட்டக்காரருக்கு இதில் கிடைத்தது வேலை. ரஞ்சி ஆடினாலும் கையில் வருவது சொற்பம் என்றிருந்த காலம் அது. வங்கியிலோ ஆலையிலோ நிரந்தர உத்தியோகம், காலையில் கையெழுத்து, மதியத்துக்கு மேல் வலைப்பயிற்சி, ஓய்வு பெறும்வரை சம்பளம். நடுத்தரக் குடும்பத்துத் தகப்பனார் தன் மகனை மைதானத்துக்கு அனுப்பச் சம்மதித்ததற்கு இந்த உறுதியே பெரிய காரணம். கம்பெனிக்குக் கிடைத்தது ஆங்கில நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் தினமும் வரும் பெயர். வெளிமாநிலத்தவரையும் சென்னை ஈர்த்தது. பெங்களூரின் ராகுல் திராவிட் இந்தியா சிமெண்ட்ஸ் ஊழியராக இருந்தவர்.

வேகப்பந்து வீச்சு மட்டும் இந்த முறையில் பின்தங்கியிருந்தது. வெயிலும் வறண்ட ஆடுகளமும் சுழற்பந்துக்குச் சாதகம்; வெங்கட்ராகவன், வி.வி. குமார் காலத்திலிருந்து மாநிலத்தின் பலமும் அதுவே. அந்தக் குறையைத் தீர்க்க 1987-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனம் சேத்துப்பட்டில் வேகப்பந்து அகாடமி ஒன்றைத் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைப் பயிற்சியாளராக அழைத்தது. டி.ஏ. சேகர் அவருக்குத் துணை நின்றார். ஜவகல் ஸ்ரீநாத், ஜாகிர் கான், இலங்கையின் சமிந்த வாஸ் முதலியோர் இங்கே பழகியவர்கள். வேகப்பந்து வீச ஆசைப்பட்டு வந்த டெண்டுல்கர் என்ற பள்ளிச் சிறுவனை, மட்டையைக் கவனி என்று திருப்பி அனுப்பியதும் இந்த அகாடமிதான்.

லீக்கைப் பின்தொடர்வது அக்காலத்தில் பெரும்பாலும் நகரத்தவர் பழக்கம். மரத்தடியில் நின்று ஆட்டம் பார்ப்பவர்கள், மறுநாள் பத்திரிகையில் ஸ்கோர் தேடுபவர்கள், ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழைச் சேர்த்து வைப்பவர்கள் என்று அந்த வட்டம் சிறியது. அதை உடைத்தது வானொலி. அப்துல் ஜப்பார் போன்றோரின் தமிழ் வர்ணனை, ஆங்கிலம் தெரியாத வீடுகளுக்கும் சேப்பாக்கத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செய்யாற்றிலிருந்து எத்தனை படிகள்

நகரத்துக்கு வெளியே ஏணியின் அடிப்படிகள் வெகுகாலம் தரையைத் தொடவில்லை. செய்யாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேதபுரீஸ்வரர் கோயிலும், ஆரணி வட்டாரத்தோடு சேர்ந்த பட்டு நெசவும், பின்னாளில் வந்த சிப்காட் தொழிற்பேட்டையும் கொண்ட இந்த ஊர் சென்னையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரியும்வரை வடாற்காட்டில் இருந்தது. மாவட்டத் தலைநகர் வேலூர்.

இப்படிப்பட்ட ஊர்களில் கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்துதான். ஏரிக்கரை, அறுவடை முடிந்த வயல், பள்ளி மைதானம் ஆகியவையே களம். பொங்கல் விடுமுறையில் டோர்னமெண்ட், நுழைவுக் கட்டணம், முதல் பரிசு இத்தனை ஆயிரம் என்ற சுவரொட்டி, மைக்கில் உள்ளூர் வர்ணனை எல்லாம் உண்டு. தோல் பந்து, கால்காப்பு, தரமான ஆடுகளம் மட்டும் இருக்காது. மேலே போக நினைப்பவர் மாவட்ட அணித் தேர்வுக்குப் போக வேண்டும். மாவட்டங்களுக்கிடையிலான போட்டிகளில் கண்ணில் பட வேண்டும். பிறகு சென்னையில் அறை எடுத்துத் தங்கி, நான்காவது ஐந்தாவது டிவிஷன் கிளப் ஒன்றில் இடம் பிடிக்க வேண்டும். பஸ் கட்டணமும் வாடகையும் திறமைக்கு முன்னதாகவே பலரை வடிகட்டிவிடும்.

இந்த வடிகட்டலைத் தாண்டி வந்தவர்களில் பெரிய பெயர் டி. நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளி ஒருவரின் மகன். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் மட்டுமே ஆடியவர். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தார். நான்காவது டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணி, பிறகு முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ், 2015 ஜனவரியில் ரஞ்சி. உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுப்பப்பட்டது. கையசைவைத் திருத்திக்கொண்டு மீண்டும் கீழிருந்து ஏறினார்.

இரண்டு புதிய மாடிகள்

2008-இல் ஐ.பி.எல். தொடங்கியபோது சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கியது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வி.பி. சந்திரசேகரிடம் வந்தது. சொந்த வட்டாரத்து வீரர்களைச் சேர்க்க வேண்டும் என்ற விதி முதல் பருவங்களில் இருந்ததால், லீக்கை உள்ளங்கைபோல் அறிந்த அவருடைய கண் பயன்பட்டது. பத்ரிநாத், பாலாஜி, முரளி விஜய், அஸ்வின், அனிருத்தா ஸ்ரீகாந்த் எல்லாம் அந்த வழியில் மஞ்சள் சட்டை போட்டவர்கள். அவர்களை வளர்க்க அணி தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. நாற்று தயாராக இருந்தது. பிடுங்கி நட்டால் போதும்.

அந்த விதி தளர்ந்து எல்லாமே ஏலம் என்றான பிறகு நிலைமை மாறியது. இதற்கிடையில், சென்னை அணி இரண்டாண்டுத் தடையில் இருந்த 2016-இல், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் டி.என்.பி.எல். என்ற எட்டு அணி இருபது ஓவர் லீக்கைத் தொடங்கியது. அதன் பெரிய சாதனை ஆட்டத்தைச் சென்னைக்கு வெளியே எடுத்துச் சென்றதே. திண்டுக்கல் அருகே நத்தத்திலும் திருநெல்வேலி அருகே சங்கர் நகரிலும் விளக்கொளியில் ஆட்டங்கள் நடந்தன. அணிகளின் பெயர்கள் தூத்துக்குடி, காரைக்குடி, கோவை, மதுரை என்று ஊர்களைத் தாங்கின. முதல் கோப்பை தூத்துக்குடிப் பெயர் தாங்கிய டூட்டி பேட்ரியட்ஸுக்கு. செய்யாற்றுக்கு மிக அருகில் வந்தது காஞ்சிபுரத்தின் பெயர்: 2016-இல் ரூபி காஞ்சி வாரியர்ஸ் என்று தொடங்கிய அணி 2018-இல் திருச்சிக்குப் பெயர் மாறியது; அதே ஆண்டு சந்திரசேகரின் திருவள்ளூர் அணி காஞ்சி வீரன்ஸ் ஆனது; பிறகு அதுவும் நெல்லைக்குப் போய்விட்டது.

தொலைக்காட்சியில் தமிழ் வர்ணனையோடு ஆட்டம் வந்ததும் தேர்வாளர்களின் பார்வை பல மடங்கானது. லீக் மைதான மரத்தடிக்கு வராத ஐ.பி.எல். அணி ஆட்கள் இதைப் பார்த்தார்கள். நடராஜன் திண்டுக்கல் டிராகன்ஸுக்காக வீசிய யார்க்கர்கள் 2017 ஏலத்தில் பஞ்சாபிடம் 3 கோடி ரூபாய் பெற்றுத்தந்தன. 2020-இல் ஹைதராபாத்துக்காக மீண்டும் யார்க்கர் மழை. அதையடுத்து வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர் அதே பயணத்தில் இந்தியாவுக்காக மூன்று வடிவங்களிலும் ஆடிவிட்டுத் திரும்பினார். 2023-இல் சின்னப்பம்பட்டியில் தன் பெயரிலேயே ஒரு மைதானம் திறந்தார்.

வருண் சக்கரவர்த்தியின் ஏற்றம் இன்னும் வேகமானது. கட்டடக்கலை படித்து வேலை பார்த்துவந்த அவர், இருபதுகளின் நடுவில் கிரிக்கெட்டுக்குத் திரும்பி, நான்காவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்காகப் புதிர்ச் சுழல் வீசினார். 2018-இல் மதுரை பேந்தர்ஸ் டி.என்.பி.எல். கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். அந்த டிசம்பரில் 20 லட்சம் அடிப்படை விலையில் ஏலத்துக்கு வந்தவரை 8.4 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. சாய் சுதர்சன் 2021-இல் கோவை கிங்ஸுக்காக ஆடி வெளிச்சத்துக்கு வந்தார். 2025-இல் குஜராத்துக்காக 759 ரன் குவித்து ஐ.பி.எல். ஆரஞ்சு தொப்பியை வென்றார், அதே ஆண்டு டெஸ்டும் ஆடினார்.

மாநில அணியும் பலன் கண்டது. இருபது ஓவர் சையத் முஷ்டாக் அலி கோப்பையை 2020–21, 2021–22 என்று அடுத்தடுத்துத் தமிழ்நாடு வென்றது. இரண்டாவதில் கடைசிப் பந்தில் சிக்சர் அடித்து முடித்தவர் டி.என்.பி.எல்.லில் வளர்ந்த ஷாருக் கான்.

நெய்தது இங்கே, முத்திரை வேறெங்கோ

நடராஜன் 2024 வரை ஹைதராபாத், வருண் கொல்கத்தா, சாய் சுதர்சன் குஜராத். டி.என்.பி.எல். அணிகள் எதுவும் எந்த ஐ.பி.எல். அணிக்கும் கிளை கிடையாது. மாநிலச் சங்கம் வளர்க்கிறது; ஏலத்தில் யார் கை உயர்கிறதோ அவர்களுக்கு ஆள் போகிறார். பேஸ்பாலில் இளம் வீரரின் ஒப்பந்தம் தாய் அணியிடம் இருப்பதால், அவர் கிளையில் தேறினால் ஆதாயமும் தாய் அணிக்கே. இங்கே வளர்ப்புச் செலவு ஒருவருடையது, அறுவடை இன்னொருவருடையது.

ஆரணி, செய்யாறு வட்டாரத்து நெசவாளருக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. தறி வீட்டில் இருக்கும். கூலிக்கு நெய்த சேலை நகரத்துக் கடையின் பெயர் அச்சிட்ட பெட்டியில் விலைபோகும். ஆனால் நெசவாளர் பெயரைச் சேலையில் எவரும் படிப்பதில்லை. ஆட்டக்காரர் பெயர் முதுகில் எழுதியிருக்கும். அதனால்தான் தமிழ்நாட்டு ரசிகரின் பின்தொடரல் இரட்டைத் தடத்தில் ஓடுகிறது: மஞ்சள் அணி ஒரு தடம், எந்த நிறச் சட்டையில் இருந்தாலும் ‘நம்ம பையன்’ என்பது மறு தடம். சென்னை அணி சொந்த ஊர்க்காரர்களை எடுப்பதில்லை என்ற குறை ஒவ்வோர் ஏலத்தின்போதும் எழுவதும் இந்த இரண்டு தடங்களும் உரசும் இடத்தில்தான்.

கடல் கடந்த கிளைகள்

சென்னை அணி தனக்கென நாற்றங்கால் அமைக்கத் தொடங்கியது அண்மையில்தான். 2022-இல் சென்னையிலும் சேலத்திலும் சூப்பர் கிங்ஸ் அகாடமிகள் திறக்கப்பட்டன. பின்னர் வேறு ஊர்களுக்கும் பரவின. சேலத்தைத் தேர்ந்தெடுத்தது, திறமை நகரத்தில் மட்டும் இல்லை என்று நடராஜன் காட்டியதற்குப் பிறகு வந்த முடிவு. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் ஜோபர்க் சூப்பர் கிங்ஸும் அமெரிக்காவில் டெக்சாஸ் சூப்பர் கிங்ஸும் களமிறங்கின. இரண்டிலும் சட்டை மஞ்சள்; சென்னை அணியின் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கே அப்போது இவற்றுக்கும் பயிற்சியாளர், தலைவர் ஃபாஃப் டு பிளெசி. பார்வைக்குக் கிளை அணிகள்போல இருந்தாலும், இவை இளைஞர்களைப் பழக்கித் தாய் அணிக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு மேல்மாடி. அமெரிக்காவில் அதற்கான கீழ்ப்படியாக 2021-இலேயே ‘மைனர் லீக் கிரிக்கெட்’ என்ற போட்டி தொடங்கப்பட்டிருந்தது. பெயர் பேஸ்பாலிடமிருந்து வந்தது.

டெக்சாஸ் சூப்பர் கிங்ஸின் சொந்த மைதானம் டல்லாஸ் அருகே கிராண்ட் பிரெய்ரியில் உள்ளது. அது ஏர்ஹாக்ஸ் என்ற சிறு பேஸ்பால் அணி ஆடிவந்த அரங்கம். அணி கலைந்த பின் அங்கே கிரிக்கெட் ஆடுகளம் இடப்பட்டு, 2023 ஜூலை 13-ஆம் தேதி அமெரிக்க மேஜர் லீக் கிரிக்கெட்டின் முதல் ஆட்டம் நடந்தது. ஜெயித்தது டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ்.